ரத்தப் பரிசோதனை அறிக்கையில் உள்ள அலகுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் நாம் முதலில் எண்ணைப் பார்க்கிறோம், அடுத்து அது தடித்த எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். நடுவில் சிறிய எழுத்தில் நிற்கும் அலகைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து ஓர் அறிக்கை வரும்போதோ, பரிசோதனைக் கூடத்தை மாற்றும்போதோ ஏற்படும் வீண் பயத்துக்கும், சில நேரங்களில் வீண் நிம்மதிக்கும் அதுவே காரணமாகிறது. அறிக்கைகளில் அலகுகள் ஆங்கிலச் சுருக்கங்களாக அச்சிடப்படுகின்றன. இங்கே அவற்றை ஒலிக்கும் விதத்திலேயே தமிழில் எழுதியிருக்கிறோம்.

எண் மட்டும் தெரிந்தால் போதாதா? அலகையும் ஏன் பார்க்க வேண்டும்?

போதாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 7 என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் சொன்னால், அது நீரிழிவு என்று முடிவு செய்யும் எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று பொருள். நம் ஊர் அறிக்கைகளில் அதே அளவு 126 என்று இருக்கும். மாறாக, நம் ஊர் அலகில் ஒருவருக்குச் சர்க்கரை 7 என்றால் அது உயிருக்கே ஆபத்தான தாழ்சர்க்கரை. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினினும் இப்படித்தான். லண்டனில் 88 என்று வரும் கிரியேட்டினின் பெரும்பாலான பெரியவர்களுக்கு இயல்பான அளவு, அதையே சென்னையில் 1.0 என்று அச்சிடுவார்கள். 88 என்ற எண்ணை மட்டும் தொலைபேசியில் கேட்ட குடும்பத்தினர் சிறுநீரகமே போய்விட்டதோ என்று கலங்குவதில் வியப்பில்லை.

அறிக்கையின் ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாகப் பரிசோதனையின் பெயர், கிடைத்த அளவு, அலகு, இயல்பு வரம்பு என்று நான்கு கட்டங்கள் இருக்கும். பல கூடங்கள் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் பரிசோதனை முறையையும் குறிப்பிடுகின்றன. உதாரணமாக: ‘கிரியேட்டினின், 0.9, எம்ஜி/டிஎல், 0.7 – 1.3’. இந்த நான்கையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வரிக்குப் பொருள் உண்டு.

எம்ஜி/டிஎல் என்றால் என்ன?

ஒரு டெசிலிட்டரில், அதாவது 100 மில்லிலிட்டரில், எத்தனை மில்லிகிராம் பொருள் இருக்கிறது என்பதே இது. சர்க்கரை, கொழுப்பு, யூரியா, கிரியேட்டினின், பிலிருபின், யூரிக் அமிலம், கால்சியம் ஆகிய அனைத்தையும் இந்தியக் கூடங்கள் பெரும்பாலும் இந்த அலகில்தான் தருகின்றன. பழைய அறிக்கைகளில் ‘எம்ஜி சதவீதம்’ என்று இருந்தால் அதுவும் இதே அளவுதான்.

சர்க்கரை 100 எம்ஜி/டிஎல் என்றால் ஒரு லிட்டருக்கு ஒரு கிராம். பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது என்று கொண்டால், அத்தனை ரத்தத்திலும் சேர்த்து ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை அளவுதான் குளுக்கோஸ் இருக்கிறது. இவ்வளவு சிறிய அளவை உடல் இரவும் பகலும் குறுகிய வரம்புக்குள் பிடித்து வைத்திருக்கிறது.

அப்படியானால் எம்மோல்/லிட்டர் எதற்காக வந்தது?

மில்லிகிராம் எடையைச் சொல்கிறது. மில்லிமோல் எண்ணிக்கையைச் சொல்கிறது. மேல்நிலைப் பள்ளி வேதியியலில் படித்த மோல்தான் இது: ஒரு மோல் என்றால் ஏறத்தாழ 6.022 × 10²³ மூலக்கூறுகள். உடலுக்குள் வேதிவினைகள் மூலக்கூறுக்கு மூலக்கூறு என்ற கணக்கில் நடக்கின்றன. ஆகவே, ஒரு லிட்டரில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்று சொல்வதே வேதியியலுக்குப் பொருத்தமானது என்பது இந்த அலகை ஆதரிப்போரின் வாதம். 1971இல் மோல் பன்னாட்டு அலகு முறையில் சேர்க்கப்பட்டது. 1977இல் உலக சுகாதாரப் பேரவை மருத்துவத் துறை முழுவதும் பன்னாட்டு அலகு முறைக்கு மாற வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகள் அந்த வழியில் சென்றன. இந்தியாவும் அமெரிக்காவும் பழைய எடைக் கணக்கிலேயே நின்றுவிட்டன. இலங்கையில் கூடத்தைப் பொறுத்து இரண்டு வகையையும் காணலாம். தமிழ்க் குடும்பங்கள் இத்தனை நாடுகளிலும் பரவியிருப்பதால், அப்பா ஓர் அலகிலும் மகள் வேறோர் அலகிலும் சர்க்கரையைப் பேசிக்கொள்வது பல வீடுகளில் அன்றாட நிகழ்ச்சி.

சர்க்கரை அளவை ஓர் அலகிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எப்படி?

எம்மோல்/லிட்டர் அளவை 18ஆல் பெருக்கினால் எம்ஜி/டிஎல் கிடைக்கும். எம்ஜி/டிஎல் அளவை 18ஆல் வகுத்தால் எம்மோல்/லிட்டர் கிடைக்கும். குளுக்கோஸின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 180 என்பதிலிருந்து வரும் எண் இது. டொராண்டோவில் இருக்கும் மகனுக்குச் சாப்பிட்ட பின் 8.5 என்றால், 8.5 × 18 = 153 எம்ஜி/டிஎல். மதுரையில் இருக்கும் தாய்க்கு 180 என்றால், மகனின் அலகில் அது 10.0.

சில எல்லைகளை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியதில்லை: 100 என்பது 5.6, 126 என்பது 7.0, 200 என்பது 11.1. தாழ்சர்க்கரை என்று எச்சரிக்கையாக இருக்க வேண்டிய 70 என்பது 3.9.

பிரான்ஸ் நாட்டு அறிக்கையில் சர்க்கரை 1.26 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அங்கே கிராம்/லிட்டர் என்ற அலகும் வழக்கில் உள்ளது. நூறால் பெருக்கினால் நம் ஊர் அளவு வந்துவிடும். பாரிஸில் உறவினர்கள் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது பழகிய எண்ணாகவே இருக்கும்.

எல்லாப் பரிசோதனைகளுக்கும் 18தானா?

இல்லை. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு பொருளின் மூலக்கூறு எடையும் வேறு என்பதால் மாற்றும் எண்ணும் வேறாகிறது. கொலஸ்ட்ராலுக்கு 38.7 என்பதால் 200 எம்ஜி/டிஎல் என்பது ஏறத்தாழ 5.2 எம்மோல்/லிட்டர். மொத்தக் கொலஸ்ட்ரால், எச்டிஎல், எல்டிஎல் மூன்றுக்கும் இதே எண்தான். ஆனால் அதே பட்டியலில் அடுத்து வரும் ட்ரைகிளிசரைடுக்கு 88.5, அங்கே 150 எம்ஜி/டிஎல் என்பது 1.7. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன என்பதற்காக ஒரே எண்ணால் வகுத்துவிடக் கூடாது. கால்சியத்தை நான்கால் வகுக்க வேண்டும்: 10 எம்ஜி/டிஎல் என்பது 2.5.

கிரியேட்டினின், பிலிருபின், யூரிக் அமிலம் ஆகியவற்றைப் பிற நாடுகளில் மைக்ரோமோல்/லிட்டரில் தருவதால் எண்கள் பெரிதாகிவிடும். ஓர் எம்ஜி/டிஎல் கிரியேட்டினின் 88.4 மைக்ரோமோல். ஓர் எம்ஜி/டிஎல் பிலிருபின் 17.1. யூரிக் அமிலத்துக்கு 59.5. எண் பெரிதாகத் தெரிவதால் நோய் பெரிதாகிவிடாது.

ஒரு கூடத்தில் யூரியா 30 என்று வந்தது, மற்றொன்றில் பியூஎன் 14 என்று வந்தது. குறைந்துவிட்டதா?

குறையவில்லை. இரண்டும் ஒரே அளவு. இங்கே அலகு ஒன்றாகவே இருப்பதால்தான் சிக்கல் கூடுதலாகிறது. இரண்டு அறிக்கைகளிலும் எம்ஜி/டிஎல் என்றே இருக்கும், ஆனால் எடை போடப்படும் பொருள் வேறு. யூரியா என்ற பரிசோதனை முழு யூரியா மூலக்கூறின் எடையைச் சொல்கிறது. பியூஎன் என்பது அந்த மூலக்கூறில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் சொல்கிறது. யூரியாவின் மூலக்கூறு எடை 60, அதில் நைட்ரஜன் 28. ஆகவே பியூஎன் அளவை 2.14ஆல் பெருக்கினால் யூரியா அளவு கிடைக்கும்.

சிறுநீரக நோயாளிகள் பல ஆண்டு அறிக்கைகளை ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருப்பார்கள். அவற்றைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதும்போது ‘யூரியா’ என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டையும் கலந்து எழுதிவிட்டால், நோய் பாதியாகக் குறைந்ததாகவோ இரு மடங்கானதாகவோ தோன்றும். பரிசோதனையின் முழுப் பெயரையும் எழுதி வைப்பது மிக அவசியம்.

பிளேட்லெட் 150 என்று அச்சாகியிருக்கிறது. ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும் என்கிறார்களே?

டெங்குக் காலத்தில் மிகுந்த பதற்றத்தைத் தரும் கேள்வி இது. 150 என்பதும் ஒன்றரை லட்சம் என்பதும் ஒரே அளவாக இருக்கலாம். அதை முடிவு செய்வது அலகுக் கட்டம்தான்.

பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களை ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் இத்தனை என்று எண்ணுவது நம் வழக்கம். ஒரு கன மில்லிமீட்டரும் ஒரு மைக்ரோலிட்டரும் ஒரே கொள்ளளவு. இயல்பு ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை. இதைச் சில கூடங்கள் முழு எண்ணாக அச்சிடுகின்றன. சில ‘லட்சம்’ என்ற அலகைப் போட்டு 1.5 என்கின்றன. தானியங்கிக் கருவியின் வெளியீட்டை அப்படியே தரும் கூடங்களில் அலகு ‘10³/மைக்ரோலிட்டர்’ என்று இருக்கும். அதாவது அச்சாகியுள்ள எண்ணை ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு அறிக்கைகளில் ‘10⁹/லிட்டர்’ என்று இருக்கும். ஒரு லிட்டரில் 150 நூறு கோடித் தட்டணுக்கள் என்பது அதன் பொருள். இந்தக் கடைசி இரண்டு அலகுகளிலும் எண் ஒன்றாகவே, 150 என்றே வரும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. சில அச்சுப்பொறிகளில் 10க்கு மேலே சிறிதாக நிற்க வேண்டிய 3 கீழே இறங்கி, அலகே ‘103/மைக்ரோலிட்டர்’ என்று தெரியும். அது நூற்று மூன்று அல்ல, ஆயிரம். பக்கத்துக் கட்டத்தில் உள்ள இயல்பு வரம்பு 150 – 450 என்று இருந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

வெள்ளையணுக்களுக்கும் இதே கணக்குத்தான்: 7,500 என்பதும் 7.5 என்பதும் ஒன்றே. சிவப்பணுக்கள் மிக அதிகம் என்பதால் அவற்றை மைக்ரோலிட்டருக்குப் பத்து லட்சம் கணக்கிலோ, லிட்டருக்கு 10¹² என்ற கணக்கிலோ சொல்கிறார்கள்.

ஹீமோகுளோபின் 120 என்று வந்திருக்கிறதே?

பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் கிராம்/லிட்டர் வழக்கில் உள்ளது. பத்தால் வகுத்தால் நமக்குப் பழகிய 12 கிராம்/டெசிலிட்டர்.

அதே பக்கத்தில் எம்சிவி, எம்சிஎச் என்பவற்றுக்கு எஃப்எல், பிஜி என்று இருக்கிறது. அவை என்ன?

அவை ஒரே ஒரு சிவப்பணுவைப் பற்றிய அளவுகள். எஃப்எல் என்பது ஃபெம்டோலிட்டர். பக்கத்துக்கு ஒரு மைக்ரோமீட்டர் உள்ள கனசதுரத்தின் கொள்ளளவு அது. ஒரு சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இருக்கும். பிஜி என்பது பிக்கோகிராம், ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒரு சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினின் சராசரி எடையை அது காட்டுகிறது. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் அணுக்கள் சிறுத்து எம்சிவி இறங்கும். வைட்டமின் பி12 குறைவில் அணுக்கள் பெருத்து அது ஏறக்கூடும். ஆகவே ரத்தசோகையின் வகையை அறிய மருத்துவர் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான்.

மைக்ரோ, நானோ, பிக்கோ என்பவற்றை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

மில்லியிலிருந்து ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்ளுங்கள்: மில்லிகிராம், மைக்ரோகிராம், நானோகிராம், பிக்கோகிராம். மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்தான மியூவைச் சில கூடங்கள் ‘யு’ என்ற ஆங்கில எழுத்தாகவும், சில ‘எம்சி’ என்றும் அச்சிடுகின்றன. மூன்றும் ஒன்றே.

கையால் எழுதும்போது மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று எழுதிவிட்டால் ஆயிரம் மடங்கு பிழையாகும். மாரடைப்பை அறிய உதவும் ட்ரோபோனின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய முறையில் அது நானோகிராம்/மில்லிலிட்டரில் வரும், புதிய நுண்ணுணர் பரிசோதனையில் நானோகிராம்/லிட்டரில் வரும். 0.014 என்பதும் 14 என்பதும் ஒரே அளவு. இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டு மருத்துவமனைகளின் அறிக்கைகளை ஒப்பிட்டால், ஆயிரம் மடங்கு ஏறிவிட்டதாகப் பதறவும் நேரலாம், ஆபத்தான அளவை அற்பம் என்று ஒதுக்கவும் நேரலாம். உடலில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையில் இதே சிக்கல் பத்து மடங்கு அளவில் உண்டு: 0.5 எம்ஜி/டிஎல் என்பதே 5 எம்ஜி/லிட்டர்.

வைட்டமின் டி இன்னொரு வகை. நம் ஊரில் நானோகிராம்/மில்லிலிட்டர், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நானோமோல்/லிட்டர். மாற்றும் எண் 2.5. நம் அலகில் 30 என்பது அங்கே 75. பெயரின் முன்பாதி ஒன்றாக ஒலிப்பதால் இரண்டும் ஒன்று என்று எண்ணிவிடுகிறார்கள்.

எஸ்ஜிபிடி, டிஎஸ்எச் போன்றவற்றுக்கு வெறும் ‘யூனிட்’ என்று இருக்கிறதே?

எஸ்ஜிபிடி ஒரு நொதி. அதன் எடையை அளப்பதில்லை, அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை அளக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றும் நொதியின் அளவு ஒரு யூனிட். எந்த வெப்பநிலையில், எந்த வேதிப்பொருள்களோடு அளந்தார்கள் என்பதைப் பொறுத்து இந்த வேகம் மாறும் என்பதால், கல்லீரல் நொதிகளைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியவர்கள் முடிந்தவரை ஒரே கூடத்தில் பார்ப்பது நல்லது.

தைராய்டுப் பரிசோதனையான டிஎஸ்எச்சில் வருவது பன்னாட்டு யூனிட். ஒரு பொருளின் உயிரியல் விளைவைப் பொதுவான ஒரு தர மாதிரியோடு ஒப்பிட்டு நிர்ணயிக்கப்படுவது அது. மைக்ரோ யூனிட்/மில்லிலிட்டர் என்று இருந்தாலும் மில்லி யூனிட்/லிட்டர் என்று இருந்தாலும் எண் மாறாது. மேலேயும் கீழேயும் ஆயிரத்தால் பெருக்கியதுதான் வேறுபாடு.

சோடியம், பொட்டாசியத்தில் வரும் எம்இக்யூ/லிட்டர்?

மில்லி ஈக்விவலன்ட் என்பது அயனியின் மின்னேற்றத்தையும் கணக்கில் கொள்ளும் அலகு. சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் ஒற்றை மின்னேற்றம் உடையவை என்பதால் எம்இக்யூவும் எம்மோலும் ஒரே எண்ணாக வரும். கால்சியத்துக்கு மின்னேற்றம் இரண்டு என்பதால் எம்இக்யூ எண் இரு மடங்காகும்.

எச்பிஏ1சி 53 என்று லண்டன் அறிக்கையில் இருக்கிறது. இது சதவீதமா?

சதவீதம் அல்ல. பிரிட்டனில் 2011 முதல், சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சியை எம்மோல்/மோல் என்ற அலகில் தருகிறார்கள். 53 என்பது நம் ஊரின் 7 சதவீதம். நீரிழிவு என்று முடிவு செய்யும் 6.5 சதவீதம் அங்கே 48. இதற்கு வெறும் பெருக்கல் போதாது: சதவீதத்திலிருந்து 2.15ஐக் கழித்து, மீதியை 10.93ஆல் பெருக்க வேண்டும்.

இந்திய அறிக்கைகளில் எச்பிஏ1சிக்குக் கீழே ‘சராசரி மதிப்பீட்டுச் சர்க்கரை’ என்று இன்னொரு வரி இருக்கும். 7 சதவீதத்துக்கு அது 154 எம்ஜி/டிஎல். அது தனியாக அளந்தது அல்ல, அதே எண்ணிலிருந்து கணக்கிட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு அதை ஒப்பிடக் கூடாது, ஏனெனில் அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் இரவு, பகல், சாப்பாட்டுக்கு முன், பின் அனைத்தும் சேர்ந்த சராசரி.

அலகே இல்லாத முடிவுகளும் உண்டா?

உண்டு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் பார்க்கும் ஐஎன்ஆர் ஒரு விகிதம். கூடத்துக்குக் கூடம் வேதிப்பொருள் மாறினாலும் முடிவு ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அது உருவாக்கப்பட்டது. டைபாய்டுக்குப் பார்க்கும் வைடால் பரிசோதனையில் 1:80, 1:160 என்று வருவது, சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் வினை தெரிந்தது என்பதைக் காட்டுகிறது. 1:160 என்பது 1:80ஐவிட அதிகம். பின்னம்போலப் படித்து அதைக் குறைவு என்று எண்ணக் கூடாது.

கூடத்துக்குக் கூடம் இயல்பு வரம்பு ஏன் மாறுகிறது?

கருவியும் முறையும் மாறுவதால். பெரும்பாலான வரம்புகள் நலமாக உள்ளவர்களில் 95 சதவீதம் பேருடைய அளவுகள் அடங்கும்படி வகுக்கப்பட்டவை. அப்படியென்றால், எந்த நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவருக்கு எண் வரம்புக்கு வெளியே விழுவது எதிர்பார்க்கக்கூடியதே. சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் இதற்கு விலக்கு. அவற்றில் நோய் அபாயத்தை வைத்து எல்லை குறிக்கப்படுகிறது.

வீட்டுக் குளுக்கோமீட்டரில் அலகைக் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம் கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பரிசாக வரும் கருவி எம்மோலில் காட்டலாம். பல கருவிகளில் அலகு தொழிற்சாலையிலேயே நிலையாக்கப்பட்டிருக்கும். மாற்றும் வசதி உள்ளவற்றில் பேட்டரி மாற்றிய பிறகு ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. திரையில் புள்ளியோடு 12.4 என்று வந்தால், அது 223 எம்ஜி/டிஎல் என்பதை முதியவருக்குச் சொல்லி வைக்க வேண்டும். ‘12தானே, ரொம்பக் குறைந்துவிட்டது’ என்று நினைத்து இனிப்புச் சாப்பிட்டால் நிலைமை மோசமாகும். கூடத்து முடிவோடு சிறு வேறுபாடு இருப்பது இயல்பு. ஐஎஸ்ஓ 15197 தர விதியே 100 எம்ஜி/டிஎல்லும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 15 சதவீதம் வரை வேறுபாட்டை ஏற்கிறது.

வேறு நாட்டில் உள்ள மருத்துவருக்கு அறிக்கையை எப்படி அனுப்புவது?

எண்களை மட்டும் வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பாமல், அலகும் இயல்பு வரம்பும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். நீங்களாக மாற்றிக் கணக்கிட்டால் மூல எண்ணை அழிக்காமல் பக்கத்தில் எழுதுங்கள். சில முடிவுகளை மாற்றவே முயல வேண்டாம். லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற கொழுப்புத் துகள் ஆளுக்கு ஆள் அளவில் வேறுபடுவதால், அதன் எம்ஜி/டிஎல் அளவை நானோமோல்/லிட்டராக மாற்றத் துல்லியமான ஒற்றை எண் கிடையாது. ரத்தக் கட்டி உண்டா என்று அறிய உதவும் டி-டைமரில் எஃப்இயூ, டிடியூ என்று இரண்டு வகை அலகுகள் உண்டு, முதலாவது இரண்டாவதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அறிக்கையில் எந்த வகை என்று தெளிவாக இல்லையென்றால், பரிசோதனை செய்த கூடத்தையே அழைத்துக் கேட்டு, அவர்கள் சொல்வதை அறிக்கையின் ஓரத்தில் எழுதி அனுப்புங்கள்.